பீரோவில் தூங்கும் எச்.எம்.டி. வாட்சை மீண்டும் ஓட வைக்க

அப்பாவோ தாத்தாவோ கட்டிய, பக்கத்துக் குமிழைத் திருகி (அதுதான் சாவி) ஓட வைக்கும் சாவி வாட்ச் ஒன்று உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டதாக இருக்கும், முதல் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கும், ரிட்டயர் ஆன அன்று மாலையோடு சேர்த்துக் கொடுத்ததாகவும் இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் அது பெரும்பாலும் அரசு நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் செய்த எச்.எம்.டி.தான்: ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஆட்டோமேட்டிக் என்றால் காஞ்சன், ரஜத்.

அதை ஓட வைத்துவிடலாம். பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டு மாட்டக்கூடிய இரும்பும் பித்தளையும். ஆனால் சரியான கடையில், சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வாட்சுக்காக நான் பல கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் “நாளைக்கு வாங்க” என்றே மாதங்கள் போயின. இன்னொரு கடைக்காரர், கேட்காமலே டயலுக்குப் புது பெயின்ட் அடித்துத் தரக் கிளம்பினார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் எடுத்ததும் முழுச் சாவி கொடுக்காதீர்கள்

ஓடுகிறதா பார்ப்போம் என்று கை தானாகச் சாவிக்குப் போகும். பல வருடம் சும்மா கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது ஆவியாகிப் போயிருக்கும். அந்த நிலையில் ஓட விட்டால் சக்கரங்களின் அச்சு முனைகள் எண்ணெய் இல்லாமல் தேயும். நாலு சுற்று கொடுத்து, ‘டிக் டிக்’ கேட்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடினால் மகிழ்ச்சி. அதற்காக நேராகக் கையில் கட்டிக்கொண்டு ஆபீஸ் போக வேண்டாம்.

“சாவி அதிகமாகக் கொடுத்ததால் நின்றுவிட்டது” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். முழுதாகச் சாவி ஏறிய வாட்ச் அதனால் நிற்பதில்லை. சாவி ஏறியிருந்தும் ஓடவில்லை என்றால், அழுக்கோ காய்ந்த எண்ணெயோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் ஏதோ ஒரு பாகம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தாலோ டயலில் புதிதாகத் துரு தெரிந்தாலோ தள்ளிப் போடாதீர்கள், அன்றே கடைக்குப் போங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. இரும்புப் பாகத்தில் துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது. துரு பிடித்த பாகத்தை மாற்றத்தான் வேண்டும், அதற்குத்தான் பாகம் கிடைக்காது.

2. உங்களிடம் இருப்பது எந்த ரகம்?

நொடி முள்ளைப் பாருங்கள். நொடிக்கு ஒரு தடவை நின்று நின்று தாவினால் அது குவார்ட்ஸ், பேட்டரி வாட்ச். எச்.எம்.டி. குவார்ட்ஸும் நிறைய செய்திருக்கிறது. அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. முதலில் பேட்டரி மாற்றிப் பாருங்கள். இறந்த பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்தால் கசிந்து மெஷினை அரித்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முள் வழுக்கிக்கொண்டு போவது போல ஓடினால் அது மெக்கானிக்கல். எச்.எம்.டி. சாவி வாட்சில் நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000. டயலில் “17 ஜுவல்ஸ்” (அச்சு தேயாமல் இருக்க உள்ளே வைக்கும் சின்னக் கற்களின் எண்ணிக்கை) என்று இருந்தால் பெரும்பாலும் சாவி வாட்ச். “ஆட்டோமேட்டிக்” என்றும் “21 ஜுவல்ஸ்” என்றும் இருந்தால் கை அசைவில் தானே சாவி ஏறும் ரகம். லேசாக ஆட்டினால் உள்ளே ஒரு கனம் சுழல்வது கைக்கே தெரியும். “பாராஷாக்” என்ற சொல்லைப் பார்த்து அதுதான் மாடல் பெயர் என்று நினைக்க வேண்டாம். கீழே விழுந்தால், முன்னும் பின்னும் ஆடித் துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு உடையாமல் காக்கும் அமைப்பின் பெயர் அது.

சாவி வாட்சா, ஆட்டோமேட்டிக்கா என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். ஆட்டோமேட்டிக்கில், அதிலும் கிழமை, தேதி இரண்டும் காட்டுவதில், பாகங்கள் அதிகம், கூலியும் கூடும். பாகம் கிடைப்பதும் சாவி வாட்சுக்குத்தான் சுலபம். ஜனதா, பைலட், சோனா எல்லாம் வெளியில் வேறு வேறு முகம் என்றாலும் உள்ளே ஓடுவது ஒரே குடும்பத்து மெஷின். பிற்காலத்து வாட்ச்கள் பலவற்றில் மெஷின்மேல் 0231 என்ற எண் வெட்டியிருக்கும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

3. கடைக்குப் போகும் முன் போட்டோ

இந்த வேலைக்கு ஆவணம் என்று அரசாங்கத்துக் காகிதம் எதுவும் தேவையில்லை. பழைய வாட்சுக்குப் பில்லும் இருக்காது. நீங்கள் எடுக்கும் போட்டோதான் ஆவணம். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இவற்றை எடுங்கள்:

- டயல் நேராக, எழுத்துகள் படிக்கும்படி. கறை, கீறல் இருந்தால் அதைக் கிட்டத்தில் ஒன்று.
- முட்களின் வடிவம். நுனி கூரா, மொட்டையா, நடுவில் பச்சைப் பூச்சு உண்டா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.
- சாவியின் முகம். அதில் “எச்.எம்.டி.” என்று பொறித்திருந்தால் அது முக்கியம்.
- பின்மூடியில் வெட்டியுள்ள எண்கள் அத்தனையும்.

கடையில் பின்மூடியைத் திறந்ததும் “ஒரு நிமிஷம் அண்ணே” என்று சொல்லி மெஷினையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். மூடியின் உள்பக்கத்தையும் எடுங்கள். ஊசியால் கீறியது போல பொடிப்பொடியாக எழுத்துகளும் எண்களும் தெரியலாம். முன்பு சர்வீஸ் செய்தவர்கள் தங்களுக்காகக் கீறி வைத்துக்கொண்ட குறிப்புகள் அவை. எங்கள் வாட்சில் மூன்று வேறு வேறு கையெழுத்து இருந்தது. கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்த கடைக்காரர் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, “இது தேதி, இந்த ஆளுக்கு ஏழு போடும்போது குறுக்குக் கோடு போடுற பழக்கம்” என்றார்.

4. கடையைத் தேர்ந்தெடுப்பது: பாதி வெற்றி இங்கேதான்

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இப்போது பேட்டரியும் ஸ்ட்ராப்பும் மட்டுமே மாற்றுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வருமானம் அதில்தான். அதே பெட்டிக்குப் பின்னால் நாற்பது வருடம் மெக்கானிக்கல் பார்த்த பெரியவர் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. போர்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கும் கேள்விகள் இவை.

“முழுசாகக் கழற்றிச் சர்வீஸ் செய்வீங்களா?” இதுதான் முதல் கேள்வி. மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, “சர்வீஸ் ஆச்சு” என்று கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அது ஓடும், சில மாதம் நன்றாகவே ஓடும். பழைய பிசின் கரைந்து அச்சுத் துளைகளில் போய் உட்கார்ந்த பிறகு மறுபடி நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடுத்து, துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்து, சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங்கை அதன் டப்பாவிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்து மாட்டுவதுதான் சர்வீஸ்.

“எண்ணெய் என்ன போடுவீங்க?” சக்கரத்துக்கு ஒன்று, சாவிப் பக்கத்துக்குக் கெட்டியானது ஒன்று என்று குறைந்தது இரண்டு ரகமாவது சொல்ல வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் என்றால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

“டைமிங் மெஷின் இருக்கா?” வாட்சை மைக்கில் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூடுகிறது, குறைகிறது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று திரையில் காட்டும் சின்னக் கருவி இது. இருந்தால் நல்லது. இல்லாமலேயே காதை வைத்துக் கணிக்கும் கைகாரர்களும் இருக்கிறார்கள், அதனால் இதை மட்டும் வைத்துக் கழித்துக் கட்டாதீர்கள்.

கேள்விகளைவிட உறுதியான வழி, அவர் ஏற்கெனவே வேலை செய்த ஒரு வாட்சைத் திறந்து காட்டச் சொல்வது. திருகுகளின் தலையைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்களும் பிய்ந்த விளிம்புகளும் இருந்தால் வேண்டாம். திருகுத் தலை சுத்தமாக இருக்கும் இடத்தில் கைப்பழக்கம் இருக்கிறது.

சென்னையில் பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளில் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் நகைக்கடை வீதியில் விசாரியுங்கள். வாட்ச் ரிப்பேர் கடைகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியூருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, பஞ்சு சுற்றி, கெட்டியான டப்பாவில் வைத்து, இன்ஷூர் செய்து அனுப்புங்கள்.

5. செலவு

நான் விசாரித்த கடைகளில் எச்.எம்.டி. சாவி வாட்சுக்கு முழு சர்வீஸ் சுமார் 500 முதல் 1,500 ரூபாய் வரை சொன்னார்கள், ஆட்டோமேட்டிக் என்றால் அதற்கு மேல். பிளாஸ்டிக் கண்ணாடி மாற்ற நூறு, இருநூறு. மெயின் ஸ்பிரிங், சாவி, சாவித் தண்டு எல்லாம் கிடைப்பதைப் பொறுத்து. ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் இருநூறு ரூபாய்க்கு “முழு சர்வீஸ்” என்று யாராவது சொன்னால் அது முக்கியெடுக்கும் சர்வீஸ்தான்.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆகவே பாகம் என்றால் பழைய ஸ்டாக், இல்லையென்றால் இன்னொரு செத்த வாட்சிலிருந்து எடுத்தது. லட்சக்கணக்கில் விற்ற வாட்ச் என்பதால் இன்னும் கிடைக்கிறது. சில சமயம் பாகத்தைத் தனியாகத் தேடுவதைவிட ஓடாத ஜனதா ஒன்றை மொத்தமாக வாங்கிக் கொடுப்பது மலிவாக முடியும். கடைக்காரரிடமே கேளுங்கள், மேஜை டிராயரில் நாலைந்து வைத்திருப்பார்.

வாட்சின் சந்தை விலையைவிடச் செலவு அதிகமாகலாம். கணக்குப் பார்த்தால் லாபமில்லை. அப்பா கையில் இருந்ததாயிற்றே என்றால் கணக்குப் பார்க்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

6. ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை

கடைக்காரர் கொடுக்கும் துண்டுச் சீட்டில் பேரும் தேதியும் மட்டும் இருக்கும். அது போதாது. கீழே உள்ளதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாடல் பெயர், பின்மூடி எண், மெஷின் எண். ஒத்துக்கொண்ட தொகை, அதற்குமேல் ஆனால் போனில் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற வரி. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி. அப்புறம், மூன்று தடை: டயலைத் தொடக்கூடாது, முட்களை மாற்றக்கூடாது, கேஸை (வெளிக்கூட்டை) பாலிஷ் போடக்கூடாது.

இந்த மூன்றில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் “டயல் மங்கிப்போச்சு, புதுசு பண்ணித் தரவா?” என்பார். சரி என்றால், பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்து, அச்சு குத்தித் தருவார்கள். எழுத்து தடித்துப்போகும், நிமிடக் கோடுகள் எண்களோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும், சின்ன எழுத்து ஒன்றிரண்டு காணாமலே போகும். போன டயல் போனதுதான். மெஷினில் எதை மாற்றினாலும் நாளைக்கு வேறு மாற்றிக்கொள்ளலாம், டயலுக்கு அந்த வசதி இல்லை. கேஸைப் பாலிஷ் போட்டாலும் அப்படித்தான், கூரான விளிம்புகள் வழுவழுத்துச் சோப்புக்கட்டி போலாகிவிடும். ஒளிரும் பூச்சு உள்ள மிகப் பழைய வாட்ச் என்றால் சுரண்டுவது உடம்புக்கும் கெடுதல். 1960-களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச்களில் ரேடியம் கலந்த பூச்சு போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றச் சொல்லலாம். அதுகூடக் கீறல்தான் பிரச்சினை என்றால் மாற்றத் தேவையில்லை. வெள்ளைப் பல்பசையைத் துளி எடுத்து மெல்லிய துணியால் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் கண்ணாடி தெளிந்துவிடும். ஈரத்துணியால் துடையுங்கள், குழாயில் காட்டாதீர்கள்.

7. எத்தனை நாள் ஆகும்?

பாகம் எதுவும் தேவையில்லை என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம். பாகம் தேட வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் போகும். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் கொடுக்காதீர்கள். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

“நாளைக்கே தரேன்” என்பவரிடம் ஜாக்கிரதை. எண்ணெய் விட்ட பிறகு சில நாளாவது ஓட விட்டு, நேரம் சரிபார்த்துத் திருத்தித்தான் கொடுக்க வேண்டும்.

8. திரும்ப வாங்கும்போது கடையிலேயே பாருங்கள்

போனை எடுத்துப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். டயல், முள், சாவி மூன்றும் அதேதானா? பின்மூடியைத் திறந்து மெஷின் எண்ணையும் பாருங்கள். நல்ல மெஷினை எடுத்துக்கொண்டு வேறு மெஷினை வைத்துத் தந்த கதைகள் உண்டு.

நேரத்தைப் பன்னிரண்டில் வைத்தால் மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்க வேண்டும். முழுச் சுற்று சுற்றும்போது எங்கும் உரசக்கூடாது. தேதி உள்ளதில் பன்னிரண்டைச் சுற்றி தேதி மாறுகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து முழுச் சாவி கொடுத்து, போன் நேரத்தோடு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஒரு நாள் மேஜையில் டயல் மேலே பார்க்க வையுங்கள், ஒரு நாள் கையில் கட்டிக்கொள்ளுங்கள். இந்த வயது வாட்சுக்கு ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் என்றால் நான் சந்தோஷப்படுவேன். ஒரு நிமிடம் வரை போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் என்றால் திரும்பக் கொண்டுபோங்கள். முழுச் சாவியில் ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். அதற்குள் நின்றால் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது சர்வீஸ் சரியில்லை.

9. தினமும் கட்டுவதானால்

காலையில் காபிக்கு முன்போ பின்போ, ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கையிலிருந்து கழற்றித்தான் கொடுக்க வேண்டும். கட்டியபடியே திருகினால் சாவித் தண்டு ஒரு பக்கமாக வளையும். இருபது, முப்பது சுற்றில் ‘போதும்’ என்று அதுவே தடுக்கும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் தனியாக மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பல்லில் மாட்டியிருக்கும், பல் உடைந்துவிடும்.

திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காந்தம்தான். போன் ஸ்பீக்கர், லேப்டாப் மூடி, ஹேண்ட்பேக் பட்டன் என்று சுற்றிலும் காந்தம். பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் முடி போன்ற ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வேகம் கூடுகிறது. கடையில் காந்தம் இறக்கும் கருவியில் ஒரு நிமிடம் வைத்தால் சரி. இதற்குச் சர்வீஸ் காசு வாங்கினால் கொடுக்காதீர்கள்.

டயலிலோ பின்மூடியிலோ வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று இருந்தாலும் நம்பாதீர்கள், ரப்பர் வளையம் எப்போதோ செத்திருக்கும். மழைக்காலத்தில் வேறு வாட்ச். நம் ஊர் வியர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் ஒரு கோடையில் நாறிவிடும், அதனால் கழற்றித் துவைக்கக்கூடிய நைலான் பட்டைதான் என் சிபாரிசு. ஸ்ட்ராப் வாங்கும் முன் கேஸின் இரு கொம்புகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 18 மில்லிமீட்டர்தான் அதிகம் காணப்படும் அளவு.

10. வீட்டில் வாட்ச் இல்லை, வாங்க வேண்டும் என்றால்

இணையத்தில் பளபளவென்று சிவப்பு, பச்சை, ஊதா டயலோடு ஆயிரம் ரூபாய்க்கு எச்.எம்.டி.க்களும் பழைய சுவிஸ் பெயர்களும் குவிந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆறாம் படியில் சொன்ன பெயின்ட் வேலைதான். கிடைத்த மெஷினை, கிடைத்த கேஸில் போட்டு, எந்தக் காலத்திலும் கம்பெனி செய்யாத டயலைச் சேர்த்து விற்கிறார்கள். ஓடும். ஆனால் பழைய வாட்ச் என்று காசு கொடுக்கத் தகுதியில்லை. “பெட்டி பிரிக்காத புதுசு” என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். மெஷின் போட்டோ அனுப்பாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கொஞ்சம் மங்கிய, ஓரத்தில் பழுப்பேறிய, எழுத்து கூர்மையாக இருக்கும் டயலைத் தேடுங்கள். விற்பவர் “சர்வீஸ் ஆனது” என்று சொன்னாலும் சர்வீஸ் காசைச் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். வாட்ச் கம்பெனி மூடப்பட்டாலும், எச்.எம்.டி. பெயரில் தாய்க் கம்பெனியே விற்கும் வாட்ச்களும் உண்டு. பெங்களூர் ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. மியூசியத்துக்குப் போனால் கையில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். விலை பழையதைவிட அதிகம், ஆனால் பில் கிடைக்கும், டயல் பற்றிக் கவலையில்லை.

எதை வாங்கினாலும் விற்றவரோடு பேசிய மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, சர்வீஸ் சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸ் நாலைந்து வருடத்தில் வரும். அப்போது கடைக்காரர் முதலில் கேட்பது, போன தடவை என்ன மாற்றினார்கள் என்பதைத்தான்.